கயிறு இழுத்தும் ஓடாத ஜெனரேட்டர்

பெட்ரோலில் ஓடும் வீட்டு ஜெனரேட்டர் கிளம்புவதற்கு மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். பெட்ரோலும் காற்றும் தக்க அளவில் கலந்து சிலிண்டருக்குள் போக வேண்டும். பிஸ்டன் அந்தக் கலவையை அழுத்த வேண்டும். அழுத்தம் உச்சத்தைத் தொடுவதற்குச் சற்று முன்னால் ஸ்பார்க் பிளக்கின் முனையில் தீப்பொறி பாய வேண்டும். முதல் இரண்டும் கண்ணுக்கும் கைக்கும் ஓரளவு பிடிபடுகிறவை. மூடியைத் திறந்தால் பெட்ரோல் தெரியும். கயிற்றை மெதுவாக இழுத்தால் அழுத்தத்தின் எதிர்ப்பு கையில் உறைக்கும். பொறி மட்டும் இரும்புக்குள் மறைந்து நடக்கிறது. அதனால் ஜெனரேட்டர் கிளம்பாவிட்டால் முதல் சந்தேகம் அதன் மேல்தான் விழுகிறது. பிளக், காயில் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணம் செலவான பிறகு, எலி கடித்த ஒரு கம்பிதான் காரணம் என்று தெரிய வருவதும் உண்டு.

காவிரிப் படுகையில் இந்தக் கோளாறுக்கென்று ஒரு பருவம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையும் வங்கக் கடல் புயல்களும் வரும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களே அது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, மன்னார்குடி, முத்துப்பேட்டை, வேதாரண்யம் வட்டாரங்களின் உட்கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. ஊராட்சி மேல்நிலைத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றியது ஜெனரேட்டர். செல்போனுக்கு சார்ஜ் போட்டதும் அதுதான். அதற்கு முன் 2012ஆம் ஆண்டு வாக்கில், சென்னைக்கு வெளியே நாளின் பாதிக்கு மேல் மின்வெட்டு நிலவிய காலத்தில், கடைக்காரர்களும் வசதியுள்ள வீட்டுக்காரர்களும் சிறிய ஜெனரேட்டர்களை வாங்கி வைத்தார்கள். மின்வெட்டு குறைந்ததும் அவை கொல்லைப்புற அறைக்கும் நெல் மூட்டைகளின் பக்கத்துக்கும் போய்ச் சேர்ந்தன.

வருஷத்தில் பத்து மாதம் அசையாமல் கிடந்துவிட்டு, மழை கொட்டும் ஓர் இரவில் திடீரென்று ஓட வேண்டிய இயந்திரம் அது. ஆகவே இந்தப் பகுதியில் ஓடித் தேய்ந்து வரும் கோளாறுகளைவிட, ஓடாமல் கிடந்து வரும் கோளாறுகளையே முதலில் நினைக்க வேண்டும். ஈரம், துரு, களிம்பு, எலி, குளவி, நெல் தூசி ஆகியவற்றை விலக்கிய பிறகே எந்த உதிரி பாகத்தையும் விலைக்கு வாங்குவது நல்லது.

டீசல் ஜெனரேட்டருக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. கல்யாண மண்டபங்களிலும் அரிசி ஆலைகளிலும் ஓடும் பெரிய செட்டுகளில் ஸ்பார்க் பிளக் கிடையாது. கடுமையாக அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. வயலில் தண்ணீர் இறைக்கும் பெட்ரோல், மண்ணெண்ணெய்ப் பம்ப்செட்டுகளுக்கோ இங்கே சொல்லப்படுவது அநேகமாக அப்படியே பொருந்தும். எஞ்சின் ஒரே இனம்தான்.

பொறியை உண்டாக்கும் அமைப்புக்கு மேக்னெட்டோ என்று பெயர். எஞ்சினின் சுழல் சக்கரத்தில், அதாவது ஃப்ளைவீலில், ஒரு காந்தம் பதிக்கப்பட்டிருக்கும். சக்கரத்தின் விளிம்பை ஒட்டினாற்போல் இக்னிஷன் காயில் நிற்கும். காந்தம் காயிலைக் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் அதன் உள்சுற்றில், அதாவது பிரைமரியில், மின்சாரம் ஓடும். அந்த ஓட்டம் உச்சத்தில் இருக்கும்போது சட்டென்று துண்டிக்கப்பட்டால், ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட வெளிச்சுற்றில் 10,000 வோல்ட்டுக்கு மேல் அழுத்தம் எழும்பி, பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பாயும். பேட்டரி தேவையில்லை. ஜெர்மனியில் ராபர்ட் போஷ் 1887இல் நிலையான எஞ்சின் ஒன்றுக்காக மேக்னெட்டோ செய்து கொடுத்தார். அவருடைய பட்டறையில் இருந்த கோட்லோப் ஹோனோல்ட், 1902இல் ஸ்பார்க் பிளக்கோடு சேர்ந்த உயர் அழுத்த மேக்னெட்டோவை உருவாக்கினார். அந்த நிறுவனத்தின் இந்தியக் கிளையாக 1951இல் பெங்களூரில் தொடங்கப்பட்டதுதான் மைகோ. நம் பட்டறைகளில் மைகோ பிளக் என்ற பெயர் வெகுகாலம் புழங்கியது அதனால்தான்.

உள்சுற்றைத் துண்டிக்கும் வேலையைப் பழைய எஞ்சின்களில் ‘பாயிண்ட்’ என்னும் இரு உலோக முனைகள் செய்தன. இப்போதுள்ளவற்றில் காயிலுக்குள்ளேயே அடைக்கப்பட்ட டிரான்சிஸ்டர் செய்கிறது. 50 சைக்கிள் மின்சாரம் தருவதற்காகச் சாதாரண வீட்டு ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி; அதாவது நொடிக்கு 50. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி போதுமென்பதால் பாதிப் பொறிகள் புகை வெளியேறும் நேரத்தில் வீணாகப் பாய்கின்றன. அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. இதில் கவனிக்க வேண்டியது வேறு. காந்தம் போதிய வேகத்தில் கடந்தால்தான் பொறி எழும். கயிற்றை இறுக்கம் தட்டும் வரை மெதுவாக இழுத்து, பிறகு ஒரே வெட்டில் விருட்டென்று இழுக்க வேண்டும். தயங்கித் தயங்கி இழுத்தால் நல்ல எஞ்சினும் கிளம்பாது.

சோதனையைப் பிளக்கில் தொடங்குவதே வழக்கம். ஆனால் அதற்கும் முன்னால் ஆயிலைப் பார்க்க வேண்டும். ஆயில் குறைந்தால் எஞ்சின் இறுகிப் போகாமல் காக்க, இன்றைய ஜெனரேட்டர்கள் பலவற்றில் அடியில் ஒரு மிதவை சென்சார் இருக்கிறது. ஆயில் மட்டம் இறங்கினால் அது பொறியைத் துண்டித்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இது இக்னிஷன் கோளாறு போலவே இருக்கும். கயிறு இழுத்தால் சத்தமே இராது. சில மாடல்களில் இழுக்கும்போது சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கும். பலவற்றில் அதுவும் இல்லை. இயந்திரத்தைச் சாய்வான இடத்தில் வைத்தாலும், ஆயில் போதுமான அளவு இருந்தும், சென்சார் ஏமாந்துவிடும். வரப்பு மேட்டில், களத்துச் சரிவில், தண்ணீர் ஏறாதபடி ஒரு பக்கம் மட்டும் செங்கல் கொடுத்துத் தூக்கிய நிலையில் ஜெனரேட்டர் கிளம்ப மறுப்பதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். சமதளத்தில் வைத்து, ஆயில் மூடியைத் திறந்து, துளையின் கீழ்விளிம்பு வரை ஆயில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். 160 முதல் 200 சிசி வரையுள்ள எஞ்சின்களுக்கு 0.6 லிட்டர் வாக்கில் பிடிக்கும்.

அடுத்தது பிளக். கேப்பை முறுக்கி இழுத்துக் கழற்றி, பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணையும் தூசியையும் ஊதித் துடைத்துவிட்டுத்தான் ஸ்பேனரைப் போட வேண்டும்; இல்லாவிட்டால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். கழற்றிய பிளக்கின் முனை எஞ்சினின் அந்தரங்கத்தைச் சொல்லிவிடும். பழுப்பு நிறமாகக் காய்ந்திருந்தால் எல்லாம் ஒழுங்காக எரிந்திருக்கிறது. பெட்ரோலில் நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, பொறி வரவில்லை. அல்லது சோக்கைப் போட்டபடியே பலமுறை இழுத்துச் சிலிண்டரை நிறைத்தாகிவிட்டது. உலர்ந்த கரி அப்பியிருந்தால் காற்று போதவில்லை. தாளடி, சம்பா அறுவடைக் காலத்தில் களத்துப் பக்கம் ஓடிய ஜெனரேட்டரின் ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சைப் பிழிந்தால் பதரும் தூசியும் ஆயிலோடு குழைந்து வரும். எண்ணெய்ப் பிசுக்கோடு கருத்திருந்தால் ஆயில் மேலேறியிருக்கிறது. மொபெட்டின் பின்னாலும் சரக்கு ஆட்டோவிலும் ஜெனரேட்டரைப் படுக்க வைத்துக் கொண்டுபோவதில் நேரும் சேதம் இது. ஆயில் சிலிண்டரிலும் ஃபில்டரிலும் இறங்கி, அடுத்த முறை பொறியை மூழ்கடித்துவிடும்.

நனைந்த பிளக்கை அடுப்புத் தணலில் பழுக்கக் காய்ச்சும் பழக்கம் ஊர்களில் உண்டு. கரி எரிந்து போகும் என்பது உண்மைதான். கூடவே வெள்ளைப் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுந்து, பொறி முனைக்குப் போகாமல் பக்கவாட்டில் கசியத் தொடங்கும். துணியால் துடைத்து, அடுப்பை அணைத்த பின் சூடு தங்கிய தோசைக்கல்லில் பிளக்கை மட்டும் சற்று வைத்தால் போதும். ஜெனரேட்டரை அடுப்பருகே கொண்டு போகும் எண்ணமே கூடாது. கரியைச் சுரண்ட இரும்புப் பிரஷ் வேண்டாம். அதன் துகள் பீங்கானில் ஒட்டினால் அதுவே மின்சாரத்துக்குக் குறுக்கு வழியாகும். பிளக்கின் இரு முனைகளுக்கும் நடுவே 0.7 முதல் 0.8 மி.மீ. இடைவெளி பெரும்பாலான வீட்டு ஜெனரேட்டர்களுக்குச் சரி. அதை அளக்கும் ஃபீலர் கேஜ் எந்த உதிரி பாகக் கடையிலும் கிடைக்கும்.

புது பிளக் வாங்கும்போது ஒரு சிக்கல். பிளக்கின் எண்ணில் ஓர் இலக்கம் அதன் சூட்டுத் தரத்தைக் குறிக்கிறது. என்ஜிகே பிளக்கில் எண் ஏற ஏறக் குளிர்ந்த பிளக். போஷ் பிளக்கில் எண் ஏற ஏறச் சூடான பிளக். இரண்டும் நேர் எதிர். ஆகவே ஒரு கம்பெனியின் ஆறுக்கு இன்னொரு கம்பெனியின் ஆறு ஈடாகாது. கடைக்காரரிடம் பழைய பிளக்கையே கொடுத்து, பட்டியலைப் பார்த்து மாற்று கேட்பதுதான் வழி. மரையின் நீளமும் ஒத்திருக்க வேண்டும். நீளமான பிளக்கைப் போட்டால் பிஸ்டன் முட்டும்.

இனிப் பொறியைக் கண்ணால் பார்க்கும் சோதனை. பட்டறையில் “பிளக்கில் கரண்ட் வருதா பாரு” என்பார்கள். பெட்ரோல் வால்வை மூடிவிட்டு, எஞ்சின் சுவிட்சை ஆனில் வைத்து, கழற்றிய பிளக்கைக் கேப்பில் செருகி, அதன் உலோக உடம்பை எஞ்சினின் பெயிண்ட் இல்லாத போல்ட் ஒன்றில் அழுந்த வைத்து, கயிற்றை இழுத்துப் பார்க்க வேண்டும். இதில் சில எச்சரிக்கைகள் அவசியம். பிளக்கைக் கையால் பிடிக்கக் கூடாது. ரப்பர் பிடியுள்ள குறடு வேண்டும். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீச்சும் என்பதால் பொறியைத் துளைக்கு அருகே காட்டக் கூடாது. சிலிண்டர் பெட்ரோலில் மூழ்கியிருந்தால் சுவிட்சை அணைத்து, சில தடவை இழுத்து ஆவியை வெளியேற்றி, சற்று நேரம் ஆறவிட வேண்டும். கேப்பை எதிலும் மாட்டாமல் அந்தரத்தில் தொங்கவிட்டு இழுப்பதும் தவறு. பாய வழி தெரியாத உயர் அழுத்தம் காயிலின் உள்ளுறையையே ஓட்டை போட்டுக்கொண்டு போகும்.

நிழலில் பார்த்தால் நீல நிறத்தில், சடசடவென்று சத்தத்தோடு பாயும் பொறி நல்லது. மஞ்சளாக, மெலிதாக, விட்டு விட்டு வந்தால் பலவீனம். நீலப் பொறி வந்ததாலேயே இக்னிஷன் சரி என்று முடிவுகட்டவும் முடியாது. வெளிக் காற்றில் பாய்வது சுலபம்; சிலிண்டருக்குள் பல மடங்கு அழுத்தப்பட்ட கலவையின் ஊடே பாய்வதற்கு அதிக வோல்ட் வேண்டும். இடைவெளியைத் திருகி அகட்டக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் மலிவான கருவிதான். 5 மி.மீ. இடைவெளியைத் தாண்டிப் பொறி வந்தால் காயிலைக் குறை சொல்ல இடமில்லை.

பொறியே வரவில்லை என்றால் புது பிளக் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது முதல் படி. செலவு குறைவான சோதனை அது. பிறகு கேப். பல மாடல்களில் கேப் உயர் அழுத்த ஒயரின் நுனியில் மரை போலத் திருகப்பட்டிருக்கும். ஈரம் உள்ளே போய் செம்பு இழைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால், ஒயரை அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டுப் புது நுனியில் மீண்டும் திருகினால் போதும். வேதாரண்யம், அதிராம்பட்டினம், கோடியக்கரை போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று கேப்பின் உட்புறத்திலும் பிளக்கின் பீங்கானிலும் மெல்லிய படலமாகப் படியும். வெயிலில் அது ஒன்றும் செய்யாது. மழைக் காற்றில் உப்பு ஈரத்தை உறிஞ்சியதும் மின்சாரம் அதன் மேலேயே வழிந்து எஞ்சின் உடம்புக்குப் போய்விடும். இருட்டில் இழுத்துப் பார்த்தால் கேப்பைச் சுற்றி நீல இழைகள் ஓடுவது தெரியும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, முழுக்க உலர்த்தி மாட்ட வேண்டும்.

இதுவரை வந்தும் பொறி இல்லையென்றால், உடனே காயில் வாங்க ஓடுவதற்கு முன் பார்க்க வேண்டியது நிறுத்தும் கம்பி. இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். வீட்டு விளக்கின் சுவிட்சை ஆன் செய்தால் இணைப்பு கூடும். ஜெனரேட்டரின் எஞ்சின் சுவிட்சில் நடப்பது தலைகீழ்: ஆஃப் நிலையில்தான் இணைப்பு கூடுகிறது. காயிலின் உள்சுற்றிலிருந்து வரும் ஒரு மெல்லிய ஒயரை அது எஞ்சின் உடம்போடு சேர்த்து எர்த் ஆக்குகிறது, பொறி செத்துவிடுகிறது. ஆன் செய்தால் அந்த இணைப்பு விலகி, காயில் தன் போக்கில் வேலை செய்கிறது. எனவே அந்த ஒயர் எங்கேயாவது உறை கிழிந்து இரும்பில் பட்டால், சுவிட்ச் எந்த நிலையில் இருந்தாலும் எஞ்சின் நிரந்தர ஆஃப். ஆயில் சென்சாரும் இதே ஒயரில்தான் கை வைக்கிறது.

நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். அறுவடை முடிந்து வயல் எலிகள் வீட்டுப் பக்கம் ஒதுங்கும் தை, மாசியில் அவை ஜெனரேட்டரின் சட்டத்துக்குள் கூடு கட்டி ஒயர்களைக் கொறிக்கின்றன. ஐப்பசியில் கயிறு இழுக்கும்போதுதான் அது தெரியும். கண்டுபிடிக்கும் முறை எளிது. காயிலிலிருந்து சுவிட்சுக்குப் போகும் அந்த ஒற்றை ஒயரின் இணைப்பைத் தற்காலிகமாகக் கழற்றிவிட்டுப் பொறி பார்க்க வேண்டும். வந்துவிட்டால் காயில் நல்லது. கோளாறு ஒயரிலோ சுவிட்சிலோ ஆயில் சென்சாரிலோ இருக்கிறது. பிறகு மூன்றையும் ஒன்றொன்றாகச் சேர்த்துப் பார்த்தால் குற்றவாளி எது என்று தெரியும். மல்டிமீட்டர் இருந்தால், ஆஃப் நிலையில் சுவிட்சின் இரு முனைகளுக்கும் தொடர்பு காட்ட வேண்டும், ஆன் நிலையில் காட்டக் கூடாது. இணைப்பைக் கழற்றிய நிலையில் எஞ்சினை ஓட்டினால் சுவிட்சால் நிறுத்த முடியாது. பெட்ரோலை மூடியோ சோக்கைப் போட்டோதான் நிறுத்த வேண்டியிருக்கும். சென்சாரைத் துண்டித்து வைத்தபடியே பல மாதம் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆயில் தீர்ந்த ஒரு நாளில் அதன் விலை ஒரு முழு எஞ்சின்.

கம்பியும் குற்றமற்றது என்றால் கயிறு ஸ்டார்ட்டரையும் விசிறி மூடியையும் கழற்றி ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும். குளவி கட்டிய மண்கூடு, எலி சேர்த்த வைக்கோல், செம்பழுப்பாய்ப் படிந்த துரு என்று எல்லாம் அங்கே இருக்கும். காந்தத்தின் முகத்திலும் காயிலின் இரும்புக் கால்களிலும் உள்ள துருவை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து எடுத்தாலே சில சமயம் பொறி திரும்பிவிடும். இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ. துரு கட்டினால் காயில் உரசும். திருகு தளர்ந்தால் இடைவெளி அகன்று காந்தப் புலம் எட்டாமல் போகும். காந்தத்தைக் காயிலுக்கு நேராகத் திருப்பி, நடுவே விசிட்டிங் கார்டு ஒன்றைச் செருகி, காயிலின் இரு திருகுகளையும் தளர்த்தினால் காந்தமே காயிலை இழுத்து அட்டையின் மேல் அழுத்திக்கொள்ளும். அப்படியே திருகுகளை முறுக்கிவிட்டு அட்டையை உருவ வேண்டியதுதான். சக்கரத்தை ஒரு சுற்று கையால் சுற்றி, எங்கும் உரசவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் பிறகே காயிலின் முறை. பழைய, பாயிண்ட் உள்ள எஞ்சின்களின் காயிலை ஓம் மீட்டரால் அளக்கலாம். உள்சுற்று ஒரு ஓமை ஒட்டியும் வெளிச்சுற்று சில ஆயிரம் ஓமாகவும் காட்டும். முடிவில்லா எதிர்ப்பு என்றால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. டிரான்சிஸ்டர் காயிலில் இந்த அளவை எப்போதும் உண்மை சொல்லாது. நல்ல காயில் ஒன்றை மாற்றிப் போட்டுப் பார்ப்பதே அங்கே நம்பகமான சோதனை.

பாயிண்ட் வைத்த பழைய ஜெனரேட்டர்கள் இன்னும் கிராமங்களில் ஓடுகின்றன. ஸ்ரீராம் ஹோண்டா, பிர்லா யமஹா என்ற பெயர்களோடு 1980, 90களில் வந்த சிறிய செட்டுகளின் காலத்தில் மின்சாரம் போனதும் கடைவீதி முழுக்க அவற்றின் சத்தம்தான். பாயிண்ட் உள்ள எஞ்சின் நெடுநாள் நின்றுவிட்டால் அதன் இரு முனைகளிலும் மங்கலான படலம் படரும். அவை தொட்டாலும் மின்சாரம் ஓடாது. மெல்லிய அரத்தால் ஓரிரு தேய்ப்பு, பெட்ரோல் தொட்ட துணியால் ஒரு துடைப்பு, திறந்த நிலையில் 0.3 முதல் 0.4 மி.மீ. இடைவெளி என்பதே அதற்கான வைத்தியம். முனைகள் அடிக்கடி கருகிக் குழி விழுந்தால் கூட இருக்கும் கண்டென்சர் போய்விட்டது என்று பொருள். பாயிண்டை மட்டும் மாற்றினால் புதியதும் விரைவில் கருகும்.

குளிர்ந்த நிலையில் கிளம்பி, அரை மணி ஓடி, சூடேறியதும் நின்றுவிட்டு, ஆறிய பின் மறுபடி கிளம்பும் ஜெனரேட்டர் மிகவும் குழப்பக்கூடியது. காயிலின் உள்ளே வெடிப்பு இருந்தால் சூட்டில் அது விரிந்து பொறியை அறுக்கும். இதே அறிகுறியைப் பெட்ரோல் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைபட்டாலும் காணலாம். டாங்கில் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காமல் நிற்கும். சற்று நேரத்தில் காற்று கசிந்து சரியாகும். நின்ற அந்தக் கணமே சோதிப்பதுதான் இரண்டையும் பிரிக்கும் வழி. மூடியைத் தளர்த்தி உடனே கிளம்பினால் துளைதான் காரணம். கிளம்பாமல், சூட்டோடு பொறியும் இல்லையென்றால் காயில்.

கயிறு இழுக்கும்போது கையைப் பறித்துக்கொண்டு பின்னோக்கி உதைப்பதும் கார்புரேட்டர் வழியே படாரென்று வெடிப்பதும் வேறு வகை. பொறி வருகிறது, ஆனால் தப்பான நேரத்தில் வருகிறது. ஃப்ளைவீலைத் தண்டோடு பொருத்தும் சிறிய ஆப்பு, ஓட்டத்தில் எஞ்சின் திடீரென்று அடைபட்டு நின்றாலோ நடு நட்டு தளர்ந்தாலோ வெட்டுண்டு நகரும். காந்தம் சில பாகை தள்ளி வந்தாலே நேரம் கெட்டுவிடும். இதைச் சரிபார்க்க ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டும். புல்லர் என்னும் கருவி இல்லாமல் சுத்தியலால் அடித்துக் கழற்றினால் தண்டு வளையும், காந்தம் வெடிக்கும். இந்த ஒன்றை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே சிக்கனம்.

நல்ல நீலப் பொறி, சரியான நேரம், இருந்தும் கிளம்பவில்லை என்றால் வழக்கு இக்னிஷனை விட்டுப் பெட்ரோலுக்குப் போகிறது. இப்போது பங்க்குகளில் விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும்; மாதக்கணக்கில் டாங்கில் கிடந்தால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். கார்புரேட்டரின் கிண்ணத்தடியில் உள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தால் அடியில் கோடு போல் பிரிவு தெரியும். அது போகிற வரை பிளக்கை எத்தனை முறை துடைத்தாலும் மறுபடி நனையும். மண்ணெண்ணெயில் ஓடும் செட்டுகளில் இன்னொரு பழக்கக் கோளாறு உண்டு. அவை பெட்ரோலில் கிளம்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாறுபவை. நிறுத்துவதற்கு முன் சில நிமிடம் மறுபடி பெட்ரோலில் ஓட்டாவிட்டால் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கிவிடும். குளிர்ந்த எஞ்சினில் அது பற்றாது, பிளக்கை நனைத்துக் கரியேற்றும்.

சாவி திருப்பிக் கிளப்பும் ஜெனரேட்டரில் சாவிக்குச் சத்தமே இல்லாமலோ கடகடவென்ற சத்தத்தோடோ நின்றால் கோளாறு பேட்டரியில், பொறியில் அல்ல. அத்தகைய சிறிய செட்டுகளில் பெரும்பாலானவை பேட்டரி செத்தாலும் மேக்னெட்டோவில்தான் பொறி எழுப்புகின்றன. சாவியை ஆனில் வைத்துவிட்டுக் கயிற்றை இழுத்தால் கிளம்பும்.

வெள்ளத்தில் மூழ்கிய ஜெனரேட்டரின் கயிற்றை அவசரப்பட்டு இழுக்கக் கூடாது. சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் அது அழுந்தாது. கனெக்டிங் ராடுதான் வளையும். பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, பால் போல் வெளுத்த ஆயிலை முழுக்க மாற்றி, காயிலையும் கேப்பையும் உலர்த்திய பிறகுதான் பொறிச் சோதனை. மின்சாரம் உண்டாக்கும் பகுதியின் சுருள்களைத் தனியாகக் காய வைத்து, மின்கசிவைச் சோதிக்கும் மெகர் கொண்டு பார்க்காமல் வீட்டு லைனில் கொடுக்கக் கூடாது.

மழைக்காலத்துக்கு முன், புரட்டாசியிலேயே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால் மேலே சொன்னவற்றில் பாதி தலைகாட்டாது. மாதம் ஒரு முறை, விளக்கும் மின்விசிறியும் போட்டுக் கால் மணி நேரம் ஓட்டினால் காயிலிலும் கேப்பிலும் சேரும் ஈரம் சூட்டில் போய்விடும். வெறுமனே ஓட்டினால் பிளக்கில் கரிதான் சேரும். நிறுத்தும்போது சுவிட்சைத் தொடாமல் பெட்ரோல் வால்வை மூடி, தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் கார்புரேட்டர் காலியாகும். நெடுநாள் வைப்பதாக இருந்தால் பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக இழுத்து, இறுக்கம் தட்டும் இடத்தில் நிறுத்த வேண்டும். அந்த நிலையில் வால்வுகள் இரண்டும் மூடியிருப்பதால் ஈரக் காற்று சிலிண்டருக்குள் போகாது. தரையில் நேரடியாக வைக்காமல் பலகை மேல் வைப்பதும், தார்ப்பாயால் இறுக்கிச் சுற்றாமல் பருத்தித் துணியால் தளர்வாக மூடுவதும் நல்லது. இறுகிய பிளாஸ்டிக்கின் உள்ளே இரவில் வியர்க்கும் தண்ணீர்தான் துருவுக்குத் தொடக்கம். புகைக்குழாயின் வாயில் ஒரு துணிப் பந்தைச் செருகினால் குளவி உள்ளே போகாது. அந்தத் துணியின் நுனியைக் கயிறு இழுக்கும் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். இல்லையென்றால் இருட்டில் அதை எடுக்க மறந்து, மறுபடியும் பிளக்கைக் கழற்றிக்கொண்டிருக்க நேரும்.